காலை வேலைக்கு ஒப்பந்தம், இப்போது இரவு 11 வரை: கையெழுத்துப் போடலாமா?

தென்னாப்பிரிக்காவில் டர்பன், சாட்ஸ்வொர்த்தில் இருக்கிறேன். கிடங்கில் பொட்டலம் கட்டும் வேலை. இரண்டு வருட ஒப்பந்தத்தில் காலை 7 முதல் மாலை 4 வரை என்றே எழுதியிருக்கிறது. எட்டாவது மாதம், வருகை பதியும் மெஷினுக்குப் பக்கத்தில் ஒரு தாள் ஒட்டினார்கள்: திங்கள் முதல் மதியம் 2 – இரவு 11. எங்களை ஒரு வார்த்தை கேட்கவில்லை. அந்த நேரத்தில் டாக்ஸி கிடையாது. நேற்று வீடு சேர்ந்தபோது என் ஆறு வயது மகள் பக்கத்து வீட்டு சோபாவில், பள்ளிச் சீருடையோடு தூங்கிக் கிடந்தாள். சம்மதம் என்று கையெழுத்துக் கேட்கிறார்கள்.

பதில்:
போடாதீங்க அக்கா. மாலை 6 முதல் காலை 6 வரை செய்தால் 1997 அடிப்படை வேலை நிபந்தனைகள் சட்டப்படி அது இரவு வேலை. உங்கள் சம்மதம் வேண்டும், படியோ நேரக் குறைப்போ வேண்டும், போக்குவரத்தும் இருக்க வேண்டும். மறுப்பை எழுத்தில் கொடுத்து நகல் வைத்துக்கொள்ளுங்க.

பதில்:
தொழில் தகராறுகளைத் தீர்க்கும் அமைப்பான சிசிஎம்ஏ-வில், புகார் பதியும் 7.11 படிவம் கொடுங்கள், கட்டணம் இல்லை. 30 நாளுக்குப் பழைய நேரத்தையே தரச் சொல்லி அதிலேயே கேளுங்கள். ஆனால் அதுவரை வேலைக்குப் போகாமல் இருந்துவிடாதீர்கள், அதையே குற்றமாக்குவார்கள். ஒப்பந்தத்தில் 'தேவைப்பட்டால் ஷிப்ட் மாறும்' என்று எங்காவது இருக்கிறதா?

கேட்டவர்:
மூன்று பக்கமும் படித்தேன், இல்லை. நாளையே எழுதிக் கொடுக்கிறேன் அண்ணா.