ஹவாய் மொழி ஆட்சிமொழி என்றால் அரசு ஆவணங்கள் ஏன் ஆங்கிலத்தில் இருக்கின்றன?

கேள்வி

ஹவாய் மாநில அரசியலமைப்பு 1978ஆம் ஆண்டுத் திருத்தத்தின் வழியாக ஆங்கிலத்தையும் ஹவாய் மொழியையும் ஆட்சிமொழிகளாக ஏற்றது. ஆயினும் சட்டங்கள், அறிவிக்கைகள், விண்ணப்பங்கள் யாவும் பெரும்பாலும் ஆங்கிலத்திலேயே வெளிவருகின்றன. இது நிர்வாகத்தின் அக்கறையின்மையா, சட்டமே வகுத்த வரம்பா? ஹவாய் மொழியில் எழுதப்பட்ட ஆவணத்துக்கு நடைமுறையில் என்ன மதிப்பு இருக்கிறது?

மறுமொழி 1

வரம்பு அரசியலமைப்பிலேயே இருக்கிறது. 15ஆம் உறுப்பின் 4ஆம் பிரிவு இரு மொழிகளையும் அறிவித்துவிட்டு, பொதுச் செயல்களிலும் நடவடிக்கைகளிலும் ஹவாய் மொழி கட்டாயமாவது சட்டம் அவ்வாறு விதிக்கும் இடங்களில் மட்டுமே என்று உடனே கூறிவிடுகிறது. ஆகவே சட்டமன்றம் ஒவ்வொரு துறைக்கும் தனியே சட்டம் இயற்றாதவரை எந்த அலுவலகத்துக்கும் கடமை எழுவதில்லை. அறிவிப்புக்கும் கடமைக்கும் இடையே விடப்பட்ட இந்த இடைவெளியே முதன்மைக் காரணம் என்பது என் உறுதியான கருத்து.

மறுமொழி 2

மேலே உள்ள விளக்கம் சரியானது. ஆனால் 1978இலிருந்து தொடங்கினால் இம்மொழி அப்போதுதான் அரசு அலுவலகத்துக்குள் நுழைந்தது போன்ற தோற்றம் ஏற்பட்டுவிடும். அப்போது தனி நாடாக இருந்த ஹவாயை ஆண்ட மூன்றாம் கமேகமேகா மன்னர் 1840இல் வழங்கிய அரசியலமைப்பே ஹவாய் மொழியில் எழுதப்பட்டதுதான். 1856இல் ஹார்டி எதிர் ரகிள்ஸ் வழக்கில், ஒரு சட்டத்தின் இரு மொழி வடிவங்களும் இணங்கவே முடியாதபடி முரண்பட்டால் ஹவாய் வடிவமே செல்லும் என்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 1859ஆம் ஆண்டுக் குடிமைச் சட்டத் தொகுப்போ அதை அப்படியே தலைகீழாக்கி, ஆங்கில வடிவத்துக்கு மேலிடம் தந்தது. அரசி லிலியோகலானி 1893இல் அகற்றப்படுவதற்கு 34 ஆண்டுகள் முன்பே, மன்னராட்சி நிலவியபோதே இது நிகழ்ந்துவிட்டது என்பதைப் பலர் கவனிப்பதில்லை.

பின்னர் 1896ஆம் ஆண்டுச் சட்டம் பள்ளிகளின் பயிற்றுமொழியாக ஆங்கிலத்தை நிறுவியது. ஹவாயை அமெரிக்கப் பிரதேசமாக அமைத்த 1900ஆம் ஆண்டுச் சட்டம், சட்டமன்ற நடவடிக்கைகள் ஆங்கிலத்திலேயே நடைபெற வேண்டும் என்றது. ஆங்கிலமோ ஹவாய் மொழியோ அறிந்தவர் வாக்களிக்கலாம் என்றும் அதே சட்டம் கூறியதால், வாக்குரிமைக்குப் போதுமான ஒரு மொழி அவையில் பேசுவதற்குப் போதாததாயிற்று. இந்த அநீதி என்னை இன்றும் வருத்துகிறது.

மறுமொழி 3

கேள்வியின் இரண்டாம் பகுதிக்கு நிலப் பதிவுகளே நல்ல விடை. 1848ஆம் ஆண்டின் மஹேலே என்னும் பெரும் நிலப் பகிர்வையொட்டி எழுந்த உரிமைக் கோரிக்கைகளும் சாட்சியங்களும் பெருமளவில் ஹவாய் மொழியில் பதிவானவை. ஒரு குடும்பத்தின் நில உரிமையையோ எல்லையையோ நிலைநாட்ட இன்றும் அவற்றைப் படித்தறிய வேண்டியிருப்பதால், இம்மொழியை வெறும் பண்பாட்டு அடையாளமாக நடத்துவது பெரும் தவறு.

எழுத்து முறையில் ஓரளவு முன்னேற்றம் உண்டு. ஓகினா (தொண்டையில் ஒலியை நிறுத்துவதைக் காட்டும் குறி), கஹகோ (நெடில் உயிரைக் காட்டும் மேற்கோடு) ஆகிய குறிகளை அரசு ஆவணங்களில் பயன்படுத்துவதைத் தடுக்கும் எந்த ஆணையும் செல்லாது என்று 1992இல் சட்டம் வந்தது. பொருளையே மாற்றக்கூடிய குறிகள் அவை.

நீதிமன்றங்களில் நிலைமை மெதுவாகவே மாறியது. 2018 ஜனவரியில் மாவி தீவின் வைலூகூ நகர நீதிமன்றத்தில், ஹவாய் மொழியில் விடையளித்த ஒருவர் வருகை தராதவராகக் கருதப்பட்டு அவர்மீது பிடியாணை பிறப்பிக்கப்பட்டது. அது விரைவிலேயே திரும்பப் பெறப்பட்டது. இயன்றவரை மொழிபெயர்ப்பாளரை அமர்த்தும் கொள்கையை நீதித்துறை அதன்பிறகே அறிவித்தது.

கேள்வி கேட்டவர்

மூவருக்கும் நன்றி. புதிய சட்டம் வராமலேயே அரசைக் கடமைப்படுத்த வேறு வழி இருக்கிறதா?

மறுமொழி 1

கல்வித் துறையில் இருக்கிறது. லானாய் தீவில் ஹவாய் மொழிவழிக் கல்வி கிடைக்காதது குறித்த வழக்கில், அதை அளிக்க நியாயமான எல்லா முயற்சிகளையும் மாநிலம் மேற்கொள்ள வேண்டும் என்று 2019இல் மாநில உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆனால் அத்தீர்ப்பு ஊன்றி நின்றது ஆட்சிமொழிப் பிரிவின் மீதன்று. ஹவாய்க் கல்வியை வளர்க்குமாறு பணிக்கும் 10ஆம் உறுப்பின் 4ஆம் பிரிவின் மீது. ஆவணங்களைப் பொறுத்தவரை அத்தகைய தெளிவான கட்டளை அரசியலமைப்பில் இல்லாததால், சட்டமன்றத்தை நாடுவதே வழி.