சூடானால் நிற்கும் பழைய வண்டிகள்: வேலூர் வட்டார அனுபவங்கள்

காட்பாடி கிக்கர்:
காலையில் ஒரே உதையில் ஸ்டார்ட் ஆகும் வண்டி, வாலாஜா தாண்டியதும் பொட்டென்று அணைந்துவிடும். அரைமணி நேரம் புளியமர நிழலில் நின்றால் மறுபடி ஓடும். அக்னி நட்சத்திரத்தில் நம்ம பக்கத்து புல்லட், ஜாவா, யமஹா ஆர்எக்ஸ் எல்லாவற்றிலும் வருகிற கோளாறு. பட்டறைக்குப் போனால் முதல் வேலையாக ஹெட்டைக் கழற்றுகிறார்கள். பெரும்பாலும் அங்கே ஒன்றும் இருக்காது. எந்த வண்டியில் எது பழுதாக இருந்தது, என்ன அளவு, எப்படிச் சரியானது என்று எழுதுங்கள். முதலில் வார்ப்பிரும்பு சிலிண்டர் வைத்த 350 புல்லட்.

வண்டி ஆறுவதற்குள் பார்த்தால்தான் பழுது பிடிபடும். முதலில் டேங்க் மூடியைத் திறக்கணும். ‘உஸ்’ என்று காற்று உள்ளே போய், உடனே வண்டி ஸ்டார்ட் ஆனால் மூடியின் காற்றுத் துளை அடைத்திருக்கிறது. மெல்லிய கம்பியால் குத்திவிட்டால் வேலை முடிந்தது. அது இல்லையென்றால் கார்புரேட்டர் அடித் திருகைத் தளர்த்தி பெட்ரோல் தாராளமாக வருகிறதா பார்க்கணும். வந்தால் பிளக்கைக் கழற்றி ஹெட்டில் வைத்து உதைக்கணும். பொறி மஞ்சளாக, மெலிதாக இருந்தால் சி.பி. பாயிண்ட் (திறந்து மூடிப் பொறியை உண்டாக்கும் மின் தொடுப்பு) மூடியைத் திறந்து வைத்து மறுபடி உதைக்கணும். பாயிண்டின் வாயிலேயே பளிச்சென்று தடித்த பொறி பறந்தால், அதைத் தடுக்கிற சின்ன மின்தேக்கியான கண்டன்சர் போய்விட்டது. சூட்டில் செத்து, ஆறியதும் பிழைக்கிற கண்டன்சர்கள் நிறைய. அது இன்ஜினை ஒட்டிய இடத்தில் உட்கார்ந்திருப்பதுதான் காரணம். புதிதாக 0.2 மைக்ரோஃபாராட் ஒட்டிய அளவில் வாங்கி, பாயிண்ட் பெட்டிக்குள் வைக்காமல், பிளக்குக்கு மின்சாரம் தரும் காயிலுக்குப் பக்கத்தில் கொண்டுபோய் வைத்தால் போதும். வயர் மட்டும் பாயிண்டுக்கு வரணும். கண்டன்சரின் உடல் நல்ல எர்த்தில், அதாவது வெறும் உலோகத்தில், இறுகணும். பெயின்ட் மேல் வைத்துத் திருகினால் மாற்றியும் பயனில்லை.

கண்டன்சர் நன்றாக இருந்தும் இன்ஜின் கொதித்தால் டைமிங், அதாவது பொறி பறக்கும் நேரம், பார்க்கணும். பாயிண்ட் இடைவெளி 0.35 முதல் 0.40 மி.மீ. பாயிண்டைத் திறக்கும் சுழல் மேடான கேம் மேல் உரசுகிற ஃபைபர் தேயத் தேய இடைவெளி குறையும், பாயிண்ட் தாமதமாகத் திறக்கும், டைமிங் பின்னால் போகும். எரியவேண்டியது தாமதமாக எரிந்து சூடெல்லாம் சைலன்சர் பெண்டில், அதாவது இன்ஜினிலிருந்து வளைந்து வரும் குழாயில், இறங்கும். பெண்ட் நீலமாக மாறுவது அதனால்தான். கேமில் ஒரு துளி கிரீஸ் வைத்தால் ஃபைபர் பல மடங்கு உழைக்கும். வைப்பவர் யாரும் இல்லை!

வேகம் கூடும்போது பொறியை முன்னால் கொண்டுவரும் அட்வான்ஸ் எடைகள் சும்மா இருக்கும் நிலையில், பிஸ்டன் உச்சிக்கு 0.8 மி.மீ. முன்பு பாயிண்ட் திறக்கத் தொடங்கணும். இதற்கு மீட்டர் எதுவும் வாங்க வேண்டாம், ஹெட்லைட் மேலேயே ஆம்மீட்டர் இருக்கிறது. சாவியைப் போட்டு இன்ஜினை மெதுவாக முன்பக்கமாகவே சுற்றினால், பாயிண்ட் மூடியிருக்கும்வரை முள் மைனஸில் இருக்கும். திறந்த கணம் நடுவுக்கு வந்துவிடும். அந்த இடம்தான் டைமிங். சாவியை அப்படியே விட்டுவிட்டு டீ குடிக்கப் போனால் காயில் வெந்துவிடும், கவனம்.

ஆற்காடு பாட்டா:
தம்பி சொன்னதோட டாப்பெட்டையும், அதாவது வால்வு இடைவெளியையும், சேர்த்துக்குங்க. இந்த இன்ஜினுக்கு இடைவெளி அளக்குற ஃபீலர் கேஜ் கிடையாது. இன்ஜின் முழுசா ஆறி இருக்கணும், பிஸ்டன் கம்ப்ரஷன் உச்சியில இருக்கணும். வால்வைத் தள்ளுற கம்பியான புஷ்ராடை விரலால உருட்டினா உருளணும், மேலும் கீழும் ஆட்டினா ஆடக்கூடாது. அவ்வளவுதான் அளவு. லாக் நட்டை இறுக்கின பிறகு இன்னொரு முறை உருட்டிப் பாருங்க, இறுக்கும்போதே மாறிடும். ‘டக் டக்’ சத்தம் வருதுன்னு எக்ஸாஸ்ட் பக்கத்த இறுக்கி வெச்சுட்டா, சூட்டுல வால்வு முழுசா மூடாது. கிக்கர் பஞ்சுல மிதிச்ச மாதிரி இறங்கும். பிஸ்டன் ரிங் போச்சுன்னு சிலிண்டரை வெட்டி போர் போட்டுடுவாங்க. பாதி வண்டிக்கு அந்தச் செலவு தண்டம்.

பாலாறு டூஸ்ட்ரோக்:
டூஸ்ட்ரோக்கில் கதை வேறு. சூடானதும் சும்மா அணைவதோடு நிற்காது, பிஸ்டன் பிடித்துக்கொள்ளும். யெஸ்டி, ஜாவா, ராஜ்தூத் 350, ஆர்எக்ஸ் 100 எதுவானாலும் கழற்றிய பிஸ்டனைத் தூக்கிப் போடாதீர்கள். எல்லாம் அதிலேயே எழுதியிருக்கும். எக்ஸாஸ்ட் பக்கம் மட்டும் கீறல் என்றால் பெட்ரோல் குறைந்து காற்று கூடியிருக்கிறது. நான்கு மூலையிலும் நான்கு கீறல் என்றால் ரீபோர் இறுக்கமாகப் போட்டிருக்கிறார்கள், அல்லது ஆறிய இன்ஜினை எடுத்ததும் முறுக்கியிருக்கிறார்கள். சுற்றிலும் கீறி, உள்ளே காய்ந்திருந்தால் ஆயில் போகவில்லை.

முதல் வகைதான் இங்கே அதிகம். அதற்குக் காரணம் பெரும்பாலும் ஜெட் (கார்புரேட்டரில் பெட்ரோல் அளவைத் தீர்மானிக்கும் துளை) இல்லை, எங்கோ காற்று ஒழுகுகிறது. ஆர்எக்ஸில் இடப்பக்கம், மேக்னட் இருக்கும் பக்க ஆயில் சீல் போனால் வெறும் காற்று உள்ளே வரும். ஆக்ஸிலேட்டரை விட்டாலும் ஆர்.பி.எம். சட்டென்று இறங்காமல் தொங்கும். அடுத்தது பிஸ்டன் பிடிப்பதுதான். வலப்பக்கம், கிளட்ச் பக்க சீல் போனால் கியர் ஆயிலைக் குடித்துக் கெட்டியான வெள்ளைப் புகை தள்ளும். கியர் ஆயில் அளவு குறைந்துகொண்டே வரும். ஜாவா, யெஸ்டியில் கிளட்ச் இடப்பக்கம் இருப்பதால் இதைத் திருப்பிப் படிக்கவும்.

சந்தேகத்தில் இன்ஜினைப் பிரிக்க வேண்டாம், காற்றடித்துச் சோதிக்கலாம். இதற்கு விலை குறைந்த கருவி பி.பி. பார்க்கும் டயல் மீட்டர். ஐடா ஸ்கடர் ரோட்டு மெடிக்கல் கடைகள் உள்ள ஊரில் இதற்குப் பஞ்சமா? கைப்பட்டையைக் கழற்றிவிட்டு, பம்ப் குமிழும் டயலும் மட்டும் வேண்டும். டயலில் 300 என்பது கிட்டத்தட்ட 5.8 பி.எஸ்.ஐ. டூஸ்ட்ரோக் கிராங்க்கேஸுக்கு (பிஸ்டனுக்குக் கீழுள்ள அறை) சரியான அழுத்தம். பட்டறைக் கம்ப்ரசரை நேராகக் கொடுத்தால் நல்ல சீலும் வெளியே பிதுங்கிவிடும்.

செய்முறை: சைலன்சரைக் கழற்றி எக்ஸாஸ்ட் வாயை டியூப் ரப்பரும் தகடும் வைத்து அடைக்கவும். ஆயில் பம்ப்பிலிருந்து வரும் சின்னக் குழாயையும் அடைக்கவும். ரீட் வால்வு (காற்றை உள்ளே மட்டும் விடும் தகடு) உள்ள ஆர்எக்ஸ், ராஜ்தூத் 350இல் பிஸ்டனை அடியில் நிறுத்தவும்; அது இல்லாத ஜாவா, யெஸ்டியில் இன்டேக் வாய் திறக்கும்படி மேலே நிறுத்தவும். கார்புரேட்டர் இருந்த இடத்தில் ரப்பர் அடைப்பு வைத்து, அதன் வழியாகக் காற்றைக் கொடுக்கவும். சிலர் பிளக் துளை வழியாக ஊதுகிறார்கள். அப்படிச் செய்தால் ஆர்எக்ஸ், ராஜ்தூத் 350 போன்றவற்றில் ரீட் வால்வு மூடிக்கொள்ளும். இன்டேக் ரப்பர் சோதனைக்கே வராது. வெடித்திருப்பது பெரும்பாலும் அந்த ரப்பர்தான். 300 வரை ஏற்றி ஆறு நிமிடம் விடவும். 250க்குக் கீழே இறங்கினால் ஒழுகல் உண்டு. சோப்பு நுரையைப் பேக்கிங் ஓரம், ஹெட் ஓரம், மேக்னட் பின்பக்கம் என்று தடவினால் குமிழி வரும் இடத்தில் பிடித்துவிடலாம்.

ரீபோர் போடுகிறவர்களுக்கு இரண்டு விஷயம். லேத்துக்குப் பிஸ்டனையும் கூடவே கொடுக்கவும். பிஸ்டன்பின்னுக்குக் குறுக்கே, ஸ்கர்ட்டில் அளந்துதான் போர் வெட்டணும். பெட்டி மேல் எழுதியிருக்கும் ஓவர்சைஸ் எண்ணை நம்பி வெட்டினால் நான்கு மூலைக் கீறல்தான். வெட்டி ஹோனிங் போட்டபின் போர்ட் (சிலிண்டர் சுவரில் உள்ள வாய்) விளிம்புகளை நைஸாகச் சரித்துவிடணும். கூர்மையாக விட்டால் ரிங் மாட்டி உடையும். ரிங் வாய் இடைவெளி, 50 மி.மீ. போர் உள்ள ஆர்எக்ஸுக்கு 0.2 மி.மீ. ஒட்டி இருந்தால் நல்லது.

குடியாத்தம் 250:
வெயில் காலத்துல லிட்டருக்கு 40 மில்லிக்குப் பதிலா 60 மில்லி டூ-டி (டூஸ்ட்ரோக்) ஆயில் ஊத்துறது பாதுகாப்புதானே அண்ணே? யெஸ்டிக்கு இங்க எல்லாரும் அப்படித்தான் செய்யறாங்க.

பாலாறு டூஸ்ட்ரோக்:
இல்லை தம்பி, அது எதிர்ப்பக்கம் வேலை செய்யும். ஜெட் வழியாகப் போகிறது ஆயிலும் பெட்ரோலும் சேர்ந்த கலவை. ஆயில் கூடினால் அந்த அளவுக்குப் பெட்ரோல் குறையும், கெட்டியான கலவை ஜெட்டில் மெதுவாகவும் இறங்கும். ஆக, சூட்டுக்குப் பயந்து ஊற்றிய ஆயிலே காற்றைக் கூட்டிவிடுகிறது. நல்ல ஆயில் 40 மில்லி, 1:25, போதும். ஏலகிரி ஏறப் போவதென்றால் மெயின் ஜெட்டை ஒரு படி ஏற்றுங்கள். 14 கொண்டை ஊசியும் பாதி த்ராட்டிலில் ஏறுகிற வழி, அதனால் கார்புரேட்டர் ஊசியின் கிளிப்பை ஒரு பள்ளம் கீழே இறக்கினாலும் பலன் தெரியும். ஊசி மேலே வந்து பெட்ரோல் கூடும்.

வாலாஜா ஸ்பேனர்:
ஜெட் பேச்சு வந்ததால் இ20 பெட்ரோலையும் சொல்லணும். தூய பெட்ரோல் முழுதாக எரிய 14.7 பங்கு காற்று வேண்டும். இருபது சதம் எத்தனால் கலந்ததற்கு 13.5 ஒட்டித்தான். பழைய ஜெட் பழைய பெட்ரோலுக்குப் போட்டது, ஆகவே எதையும் தொடாமலேயே வண்டி காற்று கூடி ஓடுகிறது. புல்லட் 350இன் மிக்கார்ப் கார்புரேட்டரில் மெயின் ஜெட் 110 இருந்தால் 115 போட்டு, முழு த்ராட்டிலில் கொஞ்ச தூரம் ஓட்டி, அப்படியே கிளட்ச் பிடித்து அணைத்து பிளக் நிறம் பாருங்கள். இளம் பழுப்பு வந்தால் சரி. வெளுத்திருந்தால் இன்னொரு படி.

எத்தனால் தண்ணீரை இழுக்கும். மாதக்கணக்கில் நிற்கிற வண்டியில் தண்ணீரும் எத்தனாலும் சேர்ந்து அடியில் பிரிந்து நிற்கும், டேங்க் அடியிலிருந்தே துருப்பிடிக்கும். நிறுத்தும் முன் டேங்கையும் கார்பையும் காலி செய்வது நல்லது. துருவுக்கு, லிட்டர் சுடுதண்ணீருக்கு 100 கிராம் சிட்ரிக் ஆசிட் போட்டு ஒரு ராத்திரி வையுங்கள். காலையில் கொட்டி, சமையல் சோடா கரைத்த தண்ணீரால் அலசி, உடனே காயவைத்து, டூ-டி ஆயில் சுற்றவிடணும். தாமதித்தால் கண் முன்னாலேயே திரும்பத் துரு ஏறும். பெட்ரோல் டேப், ஃப்ளோட் ரப்பர்கள் ஊதிப்போனால் பெட்ரோல் தாங்கும் விட்டான் ரப்பராகக் கேட்டு வாங்குங்கள்.

காட்பாடி கிக்கர்:
பவுடர் கோட்டிங்குக்கு (பெயின்டுக்குப் பதில் தூள் பூசிச் சுடுவது) போகும் வண்டிகளில் இரண்டு தொல்லை. ஒன்று, எர்த் அறுந்துவிடும். இன்ஜின் மவுண்ட், காயில் பிராக்கெட், ரெகுலேட்டர் உட்காரும் இடங்களைச் சுரண்டி, இன்ஜினிலிருந்து பேட்டரி மைனஸுக்குத் தனி வயர் போடணும். இல்லையென்றால் எர்த் கிளட்ச் கேபிள் வழியாகப் போய் கேபிள் சுடும். இரண்டு, சேஸ் நம்பர் மூடிப்போகும். கொடுக்கும்முன் பென்சில் பிரிண்ட் எடுத்து, நம்பர் மேல் சூடு தாங்கும் டேப் ஒட்டச் சொல்லுங்கள். ஆர்.டி.ஓ. ஆபீசில் நம்பர் படிக்க முடியவில்லையென்றால் ஆர்.சி.யின் ஐந்தாண்டு புதுப்பிப்பு நின்றுவிடும்.

குடியாத்தம் 250:
வின்டேஜ் வண்டிக்குத் தர்ற விஏ நம்பர் வாங்கினா இந்தத் தொல்லை இல்லையாமே?

வாலாஜா ஸ்பேனர்:
2021 விதிப்படி அது 50 வருடம் தாண்டிய, பெரிதாக மாற்றாத வண்டிக்கு. புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய், பத்து வருடம் செல்லும். ஆனால் தினசரி ஓட்ட முடியாது. கண்காட்சி, வின்டேஜ் ராலி, பெட்ரோல் போட, பழுது பார்க்க மாதிரியான காரியங்களுக்கு மட்டும்தான். ஓட்டுகிற ஆசை இருந்தால் பழைய ஆர்.சி.யையே புதுப்பித்து வைத்துக்கொள்ளுங்கள்.

ஆம்பூர் தோல்:
சூடு பற்றிய பேச்சு, ஆகவே வண்டியில் மாட்டும் தோல் பையைப் பற்றியும் சொல்கிறேன். நம்ம ஊரில் தோலுக்குக் குறைவில்லை, ஆனால் எந்தத் தோல் என்று கேட்காமல் வாங்கி சைலன்சர் பக்கம் மாட்டுகிறார்கள். மரப்பட்டை, கடுக்காய் போட்டுப் பதப்படுத்திய தோல் விறைப்பாக வடிவம் பிடித்து நிற்கும், சாடில் பேக்குக்கு அதுதான் அழகு. 3 முதல் 3.5 மி.மீ. கனம் எடுக்கணும். ஆனால் ஈரமாக இருக்கும்போது 80 டிகிரி ஒட்டிய சூடு பட்டாலே சுருங்கி ஓடாகிவிடும். மழையில் நனைந்து சைலன்சரில் சாய்ந்த பை அப்படித்தான் கெடுகிறது. குரோமிய உப்பில் பதப்படுத்திய குரோம் தோல் அதைவிட நன்றாகச் சூடு தாங்கும், ஆனால் தொளதொளவென்று இருக்கும். உள்ளே பலகையோ தகடோ வேண்டும். சீட் கவருக்கு 1.2 மி.மீ. குரோம் தோல் போதும்.

புல்லட்டில் சைலன்சர் வலப்பக்கம் மட்டும். அந்தப் பக்கம் இரும்புச் சட்டம் அடித்து, நான்கு விரல் இடைவெளி விட்டுப் பையை நிறுத்துங்கள். பட்டைத் தோலுக்கு இரும்பு ரிவெட் வேண்டாம். கடுக்காய்ச் சத்தும் இரும்பும் ஈரத்தில் சேர்ந்தால் மைபோல் கருத்து, அந்த இடம் இற்றுப்போகும். பித்தளை ரிவெட், பாலியஸ்டர் நூல். பருத்தி நூல் வியர்வையிலும் மழையிலும் மக்கிவிடும்.

குடியாத்தம் 250:
யெஸ்டிக்கு ரெண்டு பக்கமும் சைலன்சர் இருக்கே அண்ணே, அதுக்கு?

ஆம்பூர் தோல்:
ரெண்டு பக்கமும் சட்டம்தான். பையை உயர்த்தி, ஷாக் அப்சார்பர் மேல் நட்டு மட்டத்துக்குக் கொண்டுவாங்க. பின்னால் ஆள் உட்கார்ந்தால் பை கீழே இறங்கும், அதையும் கணக்கில் வெச்சு அளவு எடுங்க. அடிப்பக்கம் மட்டும் குரோம் தோல் இரட்டையா தைக்கச் சொல்லுங்க.