ரிப்போர்ட்டுக்கு முன்னாடியே டெக்னீஷியன் நமக்குத் தெரிஞ்சிடுதே! இ.இ.ஜி. (மூளை அலைப் பதிவு), என்.சி.எஸ். (நரம்பு வேக டெஸ்ட்) ரூம்ல உங்களுக்கு நடந்ததைச் சொல்லுங்க

அலை எழுதுறவன், தண்டையார்பேட்டை:

நாலு மாசமா மனசுல கிடக்குது. பொண்ணுக்கு 8 வயசு. டாக்டர் சீட்டுல 'அப்சென்ஸ்?'னு (சில செகண்ட் நினைவு தப்பி அப்படியே நிக்கிற வலிப்பு) ஒரு கேள்விக்குறி, அதுக்குக் கீழ 'இ.இ.ஜி.'. அவ்வளவுதான். அம்மா மின்ட் பக்கம் பாத்திரக் கடையில வேலை, அரை நாள் லீவு சொல்லிட்டு வந்திருந்தாங்க. நான் தலையை அளந்து, 21 எலக்ட்ரோடையும் ஒட்டி முடிக்கிற வரைக்கும் பொண்ணைப் பத்திப் புகார்தான். "கூப்ட்டா திரும்பாது சார். டிக்டேஷன் நோட்டைப் பாருங்க, நடுவுல நடுவுல வார்த்தையே இருக்காது. மிஸ் வெளிய நிக்க வெச்சிடுது. முதுகுல ஒண்ணு வெச்சாதான் சார் வழிக்கு வரும்."

வேகமா மூச்சு விட வெச்சா இந்த வலிப்பு அலை வெளிய வரும், ஆனா அந்தக் கட்டத்துக்குச் சின்னப் பசங்க ஒத்துழைக்க மாட்டாங்க. அதனால பீச்சுல விக்கிற பேப்பர் காத்தாடி ஒண்ணு வெச்சிருக்கேன். 3 நிமிஷம் ஊதணும். ஊதிக்கிட்டே இருந்தா. ஒண்ணரை நிமிஷம் தாண்டியிருக்கும், காத்தாடி நின்னுச்சு. உதடு குவிஞ்சபடி அப்படியே இருக்கு, மூச்சு வரல. ஸ்கிரீன்ல எல்லா வரியிலயும் செகண்டுக்கு 3 வலிப்பு அலை, முள்ளும் மேடுமா, அச்சு வார்த்த மாதிரி. நான் "மயில்"னு சத்தமா சொன்னேன். 11 செகண்ட். அப்புறம் எதுவுமே நடக்காத மாதிரி திரும்ப ஊத ஆரம்பிச்சா, காத்தாடி சுத்துச்சு. "இப்ப ஒரு வார்த்தை சொன்னேனே, என்ன அது?" "நீங்க ஒண்ணுமே சொல்லலியே அங்கிள்."

அம்மா என் பின்னாடிதான் நின்னாங்க. "இதேதான் சார். இந்த மூஞ்சிக்குத்தான் நான் அடிப்பேன்"னாங்க. ரிப்போர்ட் சாயங்காலம் டாக்டர் பாத்து எழுதணும், நான் வாயைத் திறக்கக் கூடாது. தெரியும். ஆனாலும் "அடிக்காதீங்கம்மா, அது அடம் இல்ல"ன்னு சொல்லிட்டேன். அந்தம்மா தன்னோட வலது கையைப் பாத்தாங்க. அந்தப் பார்வை போக மாட்டேங்குது. சொன்னது தப்பான்னு இன்னும் தெரியல.

ஐஸ் கை, காசிமேடு:

எனக்கு இதுக்கு நேர்மாறு. ஸ்கிரீன்ல பாத்ததையே நம்பி ஏமாந்தவன் நான்.

மார்கழி மாசம். 50 வயசு அம்மா, ஹார்பர்ல விடியக்காலம் 3 மணியிலேருந்து ஐஸ்ல கை விட்டு மீன் பிரிக்கிற வேலை. கை மரத்துப் போகுதுன்னு என்.சி.எஸ். எழுதியிருந்தாங்க. சர்க்கரையும் உண்டு. வேலையிலேருந்து நேரா வந்துட்டாங்க. கையை முந்தானையில சுத்தி வெச்சிருந்தாங்க, "வாடை அடிக்கும் தம்பி, தப்பா நெனைக்காத"ன்னு. ரெண்டு கையும் ஸ்லோ. கையில ஓடுற மீடியன் நரம்புல வேகம் செகண்டுக்கு 43 மீட்டர், அல்னார் நரம்பும் அதே கதை. கையில 50-க்கு மேல இருக்கணும். சர்க்கரை நரம்புன்னு நானே மனசுக்குள்ள முடிவு கட்டிட்டேன்.

அப்புறம் ஒண்ணு உறுத்துச்சு. நரம்பு கெட்டா அலை சின்னதாகணும். இங்க அலை நல்லா உயரமா, அகலமா நிக்குது. தொட்டுப் பாத்தேன், கை மீன் மாதிரி இருந்துச்சு. தெர்மாமீட்டர் வெச்சா 27.5 டிகிரி. குறைஞ்சது 32 இருக்கணும். ஒரு டிகிரி குறைஞ்சா நரம்பு வேகம் செகண்டுக்குச் சுமார் 2 மீட்டர் குறையும், படிச்சதுதான். கேண்டீன்ல வெந்நீர் வாங்கி, பக்கெட்ல விளாவி, கையை 20 நிமிஷம் வெச்சேன். "வெந்நீர்ல கை வெச்சு எத்தினி நாளாச்சு"ன்னு கண்ணை மூடிக்கிட்டாங்க. திரும்ப எடுத்தா இடது கை முழுக்க நார்மல். வலது கையில மணிக்கட்டுல மட்டும் நரம்பு அழுந்தியிருக்கு, அதுவும் லேசா.

உறுத்துறது இவங்க இல்ல. அதுக்கு முந்தின ரெண்டு வருஷம் அதே ஹார்பர்லேருந்து, அதே ஏ.சி. ரூம்ல, எத்தினி கையைத் தொட்டுப் பாக்காம எழுதி அனுப்பியிருக்கேன்?

ஓய்வு பெற்றவள், பெரம்பூர்:

முதலில் எழுதிய தம்பிக்கு. உங்கள் இரக்கம் புரிகிறது. ஆனால் நீங்கள் சொன்னது தவறு. 31 வருடம் இந்த வேலை பார்த்தவள் என்ற முறையில் சொல்கிறேன். இன்றைக்கு "அடம் இல்லை" என்பீர்கள், நாளைக்கு அடுத்த தாய் "அப்போ ஃபிட்ஸா?" என்பாள், நாளை மறுநாள் "கல்யாணம் ஆகுமா?" என்பாள். எங்கே நிறுத்துவீர்கள்? நாம் எழுதுவது அலை. அதற்குப் பொருள் சொல்வது டாக்டர்.

நீங்கள் செய்யக் கூடியது வேறு நிறைய இருக்கிறது. எண்ணெய் வழியும் தலையோடு எத்தனை பேர் வருகிறார்கள்! அப்பாயின்ட்மென்ட் கொடுக்கும்போதே சொல்லுங்கள்: முதல் நாள் ஷாம்பு போட்டுக் குளிக்க வேண்டும், அதன் பிறகு எண்ணெய், கண்டிஷனர் எதுவும் கூடாது. தோலுக்கும் எலக்ட்ரோடுக்கும் நடுவே உள்ள மின்தடை 5,000 ஓமுக்குக் கீழே இறங்காமல் நீங்கள் எதை எழுதினாலும் அது குப்பை. பட்டினியாக வரச் சொல்லாதீர்கள், பசியில் குழந்தை அழுதே தீர்த்துவிடும். வலிப்பு மாத்திரையை டாக்டர் சொல்லாமல் நிறுத்தக் கூடாது என்பதை இரண்டு முறை சொல்லுங்கள். டெஸ்ட் என்றால் மாத்திரை போடக் கூடாது என்று தாங்களாகவே நினைத்துக்கொள்கிறார்கள். தூங்காமல் வரச் சொன்ன குழந்தை எண்ணூரிலிருந்து ஆட்டோவில் வரும்போதே தூங்கிவிடும், கூட வருபவர் பேச்சுக் கொடுத்துக்கொண்டே வர வேண்டும். தலையை மழிக்கத் தேவையில்லை என்பதையும் சொல்லுங்கள். அந்தப் பயத்திலேயே பெண்கள் வருவதில்லை. திருத்தணியில் மொட்டை போட்டு வந்த பிள்ளை என்றால் சந்தனத்தைத் துடைத்துவிட்டு ஒட்டுங்கள். ஃபோன் சார்ஜரைப் பிடுங்குங்கள், அலையில் கலக்கும் 50 ஹெர்ட்ஸ் கரண்ட் இரைச்சலில் பாதி அங்கிருந்துதான் வருகிறது. காத்தாடி நல்ல யோசனை, ஆனால் ஆஸ்துமா இருக்கிறதா, இதயக் கோளாறு இருக்கிறதா என்று கேட்காமல் ஊத வைக்காதீர்கள்.

என் அனுபவம் ஒன்று. பேப்பர் மெஷின் காலம். 20 நிமிடத்துக்கு 36 மீட்டர் பேப்பர் ஓடும், பேனா கீறும் சத்தம் அறை முழுக்கக் கேட்கும். பையனுக்கு 9 வயது, கைக்குழந்தையாக இருந்தபோது தட்டம்மை வந்தது. சமீபமாகப் படிப்பு மறக்கிறது, கையில் இருப்பது கீழே விழுகிறது என்று கூட்டி வந்தார் அப்பா. ஆறு நொடிக்கு ஒருமுறை எல்லாப் பேனாவும் ஒன்றாக எழும்பி 'கர்ர்' என்றது. ஒவ்வொரு 'கர்ர்'ருக்கும் பையனின் தோள் வெட்டியது. மூளையில் வருடக்கணக்கில் தங்கியிருந்த அம்மை. எனக்கு அங்கேயே தெரிந்துவிட்டது. நான் வாய் திறக்கவில்லை. ஆனால் கொஞ்ச நேரம் கழித்து அந்த அப்பா விரலை மடக்கி எண்ண ஆரம்பித்தார். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து, 'கர்ர்'.

தட்டம்மை ஊசி 9 மாதத்தில் ஒன்று, 16 முதல் 24 மாதத்துக்குள் இன்னொன்று. தயவுசெய்து யாரும் தவற விடாதீர்கள்.

நைட் ட்யூட்டி:

அம்மா சொல்றது சரின்னுதான் நானும் வாயை மூடிக்கிட்டேன். அதான் என்னைத் தூங்க விடல.

ராத்திரி 2 மணி, ஐ.சி.யூ.வுக்கு மெஷினைத் தள்ளிட்டுப் போனேன். பைக் ஆக்ஸிடென்ட், 22 வயசு. மூளைச்சாவு டெஸ்ட் நடந்துக்கிட்டு இருக்கு. 1994 உறுப்பு மாற்றுச் சட்டப்படி 4 டாக்டருங்க, 6 மணி நேர இடைவெளியில ரெண்டு தடவை பாத்துக் கையெழுத்துப் போடுவாங்க. இ.இ.ஜி. அதுல கட்டாயம் கிடையாது, ஆனா டாக்டர் கேட்டிருந்தார். ரொம்பச் சின்ன அலையும் தெரியுற மாதிரி சென்சிடிவிட்டி மில்லிமீட்டருக்கு 2 மைக்ரோவோல்ட், 30 நிமிஷம். வெண்டிலேட்டர், பம்ப், பெட் மோட்டார், ஒவ்வொண்ணா எது எது கோட்டை ஆட்டுதுன்னு பாத்துப் பாத்து ஒதுக்கினேன். கடைசியில தலை வரி எல்லாம் நேர்கோடு. ஆனா அந்த சென்சிடிவிட்டியில இதயத் துடிப்பு அங்கங்க குட்டிக் குட்டியா ஏறி நிக்கும், நமக்கெல்லாம் தெரிஞ்சதுதான்.

அப்பாவை எப்படி உள்ள விட்டாங்கன்னு தெரியல. ராயபுரத்துல லேத் வெச்சிருக்கிறவர், மெஷின் பாஷை தெரிஞ்சவர். ஸ்கிரீன்ல விரலை வெச்சார். "தம்பி, இதோ எழும்புது பாரு. ஒரே தாளத்துல வருது. அப்போ இருக்கான்ல?"

நான் "டாக்டர் சொல்வாங்கப்பா"ன்னேன். அவர் அந்தக் குட்டி முள்ளையே பாத்துக்கிட்டு நின்னார், 30 நிமிஷமும். அது இதயம், மூளை இல்லன்னு சொல்லியிருக்கலாமா? சொல்லாததால அவருக்கு அரை மணி நேரம் நம்பிக்கை கொடுத்தேனா, இல்ல ஏமாத்தினேனா?

வியாசர்பாடி ஆட்டோ:

நான் டெக்னீஷியன் இல்ல, படுத்துக்கினு இருந்தவன். உள்ள வரலாமான்னு தெரியல, ஆனா சொல்லியே ஆவணும்.

வயித்தால போய் ரெண்டு வாரம் கழிச்சு, பேசின் பிரிட்ஜ் ஸ்டேஷன் படியில கால் ஏறல. மூணாவது நாள் ஒரு எடத்துல என்.சி.எஸ். கையில கால்ல ஷாக் வெச்சாங்க. பையன் ரொம்ப நல்ல பையன், ஒவ்வொரு ஷாக்குக்கும் முன்னாடி "அண்ணே, இப்ப வருது"ன்னு சொல்லிச் சொல்லித்தான் வெச்சான். முடிச்சிட்டு "எல்லாம் நார்மலாதான்ணே இருக்கு, பயப்படாதீங்க"ன்னான். சந்தோஷமா ரிப்போர்ட் வாங்காம வூட்டுக்குப் போய்ட்டேன். ரெண்டாம் நாள் டீ கிளாஸைத் தூக்க முடியல, முழுங்கவும் முடியல.

அப்புறம் பெரிய ஆஸ்பத்திரி, நரம்பைத் தாக்குற நோயாம், 5 நாள் ஊசி மருந்து, ஆறு மாசம் பிசியோ. இப்ப ஓட்டுறேன். மொத வாரத்துல இந்த டெஸ்ட் நார்மலா வரலாம்னு அங்க இருந்த டாக்டர் சொன்னாரு. அந்தப் பையன் மேல கோவமே இல்ல. நல்லதுக்குத்தான் சொன்னான். அவன் சொல்லாம இருந்திருந்தா நான் ரிப்போர்ட்டுக்குக் காத்துக்கினு இருந்திருப்பேன், டாக்டர் மொகத்தைப் பாத்திருப்பேன்.

அலை எழுதுறவன், தண்டையார்பேட்டை:

அண்ணே, நீங்க எழுதினதை ரெண்டு தடவை படிச்சேன். பெரம்பூர் அம்மா சொன்னதுக்குப் பதில் எழுதணும்னுதான் வந்தேன், இப்ப முடியல. ஆனா ஒண்ணு: 'நார்மல்'னு சொல்றதும் 'அடிக்காதீங்க'ன்னு சொல்றதும் ஒண்ணா? நான் நோய் பேர் எதுவும் சொல்லலியே.

ஈர ஜடை, திருவொற்றியூர்:

ஒண்ணு இல்ல. நான் உங்க பக்கம். பெரம்பூர் அம்மா, ஷாம்பு பத்தி மட்டும் ஒரு வார்த்தை: எங்க தெருவுல தண்ணி லாரி ரெண்டு நாளைக்கு ஒருதரம்தான். இடுப்பு வரைக்கும் முடி உள்ள பொம்பளையை முதல் நாள் அலசிட்டு வான்னு சொன்னா எத்தினி குடம் ஆகும்? நான் ஸ்பிரிட்டும் ஜெல்லும் வெச்சுத் தேய்ச்சே எடுத்துடுவேன், கொஞ்சம் நேரம் ஆகும், அவ்வளவுதான்.

எனக்கு நடந்தது: கை நிறைய மருதாணியோட ஒரு பொண்ணு, துப்பட்டாவால முகத்தை மூடி வந்துச்சு. ரிஜிஸ்டர்ல எழுதின பேரைக் கூப்பிட்டேன், திரும்பவே இல்ல. மூணாவது தடவை அக்கா இடிச்சதும்தான் எழுந்துச்சு. படுக்க வெச்சதும் கேட்ட ஒரே கேள்வி, "பேஸ்ட் முடியில தெரியுமாக்கா? நாளைக்கு நிச்சயதார்த்தம்." எடுத்ததுல வலிப்பு அலை இருந்துச்சு. நான் ஒண்ணும் சொல்லல. முடிச்சதும் வெந்நீர்ல பஞ்சை நனைச்சு ஒவ்வொரு புள்ளியா 40 நிமிஷம் துடைச்சு, ஜடையும் பின்னி அனுப்பினேன். இந்து திருமணச் சட்டத்துல கல்யாணம் செல்லாதுன்னு சொல்ல வலிப்பைக் காரணம் காட்டுற வார்த்தையையே 1999-ல எடுத்துட்டாங்க. அதை அந்தப் பொண்ணுகிட்ட சொல்லியிருக்கணும். அது ரிப்போர்ட் இல்லையே, சட்டம்தானே, யாரும் என்னைக் கேள்வி கேட்டிருக்க முடியாது. தோணவே இல்ல. பொய்ப் பேர் எழுதினதால கூப்பிட்டுச் சொல்லவும் வழி இல்ல.

ஓய்வு பெற்றவள், பெரம்பூர்:

ஜடை பின்னி அனுப்பினீர்களே அம்மா, அது போதும். தண்ணீர் விஷயம் நான் யோசிக்கவில்லை. நைட் ட்யூட்டி தம்பி, அந்த இடத்தில் நானாக இருந்தால் சிஸ்டரைக் கூப்பிட்டு அவரை வெளியே உட்கார வைத்திருப்பேன். ஸ்கிரீனை அவர் பக்கம் திருப்பி வைக்காதீர்கள், எப்போதும். காசிமேடு தம்பி, நீங்கள் கேட்ட கேள்விக்கு யாரும் பதில் சொல்லவில்லை. பழைய ரிஜிஸ்டரை எடுங்கள். மார்கழி, தை மாதங்களைப் பாருங்கள். அலை உயரமாக இருந்தும் வேகம் குறைந்ததாக எழுதியவர்களை டாக்டரிடம் சொல்லித் திரும்பக் கூப்பிடுங்கள். காசு வாங்காதீர்கள்.

ஐஸ் கை, காசிமேடு:

எடுத்துட்டேன்மா. டாக்டர்கிட்ட சொன்னேன், முதல்ல முகம் சுருங்குச்சு, அப்புறம் "கூப்பிடு"ன்னார். அஞ்சு பேர் தேறினாங்க. ரெண்டு பேர் வந்தாங்க. ஒருத்தருக்கு நிஜமாவே சர்க்கரை நரம்புதான், சூடு பண்ணியும் மாறல. இன்னொரு அம்மாவுக்கு எல்லாம் நார்மல், ரெண்டு வருஷமா நரம்பு மாத்திரை சாப்பிட்டிருக்காங்க. ஒருத்தர் நம்பர் வேற யாருக்கோ போகுது. மீதி ரெண்டு பேரும் ஏப்ரல் 15 மீன்பிடித் தடைக்காலம் ஆரம்பிச்சதும் வர்றோம்னாங்க, இப்ப ஒரு நாள் கூலியை விட முடியாதாம். பக்கெட்டும் தெர்மாமீட்டரும் இப்ப ரூம்லயே இருக்கு.