பெருந்தமனி கிழிந்து வந்த பக்கவாதம்: ரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசிக்கு முன் எவ்வளவு தேடுவது?

செந்தில் (அவசரப் பிரிவு): மூளை சிடி ஸ்கேனில் ரத்தக்கசிவு இல்லையா, உடனே ஊசியைப் போடு என்ற வேகம் எனக்குப் பயமாக இருக்கிறது. இதயத்திலிருந்து கிளம்பும் பெரிய ரத்தக்குழாயான பெருந்தமனியின் உட்சுவர் கிழிந்து, கிழிசல் கழுத்துத் தமனி வரை ஏறியிருந்தால் வழியை மறிப்பது பெரும்பாலும் அந்தச் சுவர்தான், கட்டி இல்லை. கட்டி கரைக்கும் மருந்தான ஆல்டெப்ளேஸ் போட்டால் அடைப்பு அப்படியே இருக்கும், கிழிந்த இடத்தில் உறைந்து தாங்கிக்கொண்டிருந்தது கரைந்து, ரத்தம் இதய உறைக்குள் இறங்கி இதயத்தையே நெருக்கிவிடும்.

மாலதி (நரம்பியல்): அதற்காக எல்லோரையும் காக்க வைப்பீர்களா? பெரிய தமனி அடைத்தால் நிமிடத்துக்குச் சுமார் 19 லட்சம் நரம்பணுக்கள் சாகின்றன. பக்கவாதத்தோடு வருபவர்களில் பெருந்தமனி கிழிந்தவர் மிகக் குறைவு. நெஞ்சுவலி இருந்தால் தேடுங்கள், இல்லாவிட்டால் ஊசியைத் தாமதிக்காதீர்கள்.

செந்தில்: பேச்சே போனவர் நெஞ்சு வலிக்கிறது என்று எப்படிச் சொல்வார் மேடம்? வலியே இல்லாமல் கிழிவதும் உண்டு. பக்கவாதத்தில் பிபி ஏறித்தான் இருக்கும். இடது கைகால் விழுந்து, பிபி 90/60, வலது மணிக்கட்டில் நாடியே கிடைக்கவில்லை என்றால் ஊசியைக் கீழே வைத்துவிட வேண்டும்.

அருண்: நான் மருத்துவர் இல்லை. எங்கள் உறவினர் ஒருவருக்குக் கழுத்துத் தமனி கிழிந்து பக்கவாதம் வந்தது, இதே ஊசிதான் போட்டார்கள், இப்போது நன்றாக இருக்கிறார். இதற்கு மட்டும் ஏன் ஆகாது?

மாலதி: அது வேறு அருண். கழுத்துத் தமனி கிழிசலுக்கு நாலரை மணி நேரத்துக்குள் போடலாம் என்கிறது 2019 அமெரிக்க வழிகாட்டி, பெருந்தமனி வளைவில் கிழிசல் என்ற சந்தேகம் இருந்தாலே போடாதே என்பதும் அதிலேயே இருக்கிறது. அதில் எனக்கும் செந்திலுக்கும் சண்டை இல்லை, யாருக்கெல்லாம் தேடுவது என்பதில்தான். ஆல்டெப்ளேஸ் ஒரு மணி நேரம் ஏறுகிற மருந்து, நடுவில் சந்தேகம் வந்தால் நிறுத்தலாமே.

செந்தில்: கட்டி கரைக்கும் இன்னொரு மருந்தான டெனெக்டெப்ளேஸை எப்படி நிறுத்துவீர்கள்? ஒரே தள்ளில் முழு டோஸும் உள்ளே போய்விடும். நான் கேட்பது இரண்டு கையிலும் பிபி, அப்புறம் எப்படியும் எடுக்கிற சிடி ஆஞ்சியோவை, அதாவது ரத்தக்குழாய்களைக் காட்டும் ஸ்கேனை, பெருந்தமனி வளைவிலிருந்தே தொடங்குவது.

மாலதி: சரி, இரண்டு கை பிபிக்கு ஒத்துக்கொள்கிறேன். ஆனால் வயதானவர்களுக்குக் கைத்தமனி சுருங்கியே 20 வித்தியாசம் காட்டும். அத்தனை பேரையும் ஆஞ்சியோவுக்காக நிறுத்தி வைக்க மாட்டேன்.

செந்தில்: அந்தச் சுருக்கம் பெரும்பாலும் இடது கையில்தான் வரும் மேடம். வலது கையில் குறைந்தால் நிறுத்துங்கள், அது போதும்.