மறு: ரெஃபரன்ஸ் ஃபிரேமுக்குத் தமிழ்? திங்களன்று அச்சு

[நெல்லை, பாலிடெக்னிக் ஆசிரியர்]
வணக்கம். டிப்ளமோ சிவில் சர்வே கையேடு திங்களன்று அச்சுக்குப் போகிறது. 'நாடு முழுமைக்கும் ஒரே ஜியோடெடிக் ரெஃபரன்ஸ் ஃபிரேம்' (பூமியில் எந்த இடத்தையும் குறிக்க எல்லாரும் சார்ந்திருக்கும் பொது அடிப்படை) என்ற பாடத்தின் தமிழ்த் தலைப்புதான் இன்னும் முடிவாகவில்லை. பழைய டோப்போ ஷீட்டில் (நிலவரைபடத் தாளில்) பூமியின் வடிவத்துக்கு எவரெஸ்ட் நீள்கோளம், அளவுக்குக் கல்யாண்பூர் தொடக்கப்புள்ளி. பிள்ளைகள் கையிலிருக்கும் ஜிபிஎஸ் காட்டுவதோ டபிள்யூஜிஎஸ் 84 என்ற உலகப் பொது அடிப்படையில். அதை மாற்றாமல் அப்படியே ஷீட்டில் குறித்தால் நம் வட்டாரத்தில் நூறு மீட்டருக்கு மேல் தள்ளி விழும். இயற்பியல் பாடநூலின் 'குறிப்பாயம்' இங்கே பொருந்துமா?

[யாழ்ப்பாணம்]
எங்கட பக்கம் 'மாட்டேற்றுச் சட்டம்' எண்டுதான் படிச்சனாங்கள். இதைப் புதுச்சொல் எண்டு தள்ளிவிட வேண்டாம். நன்னூலின் 32 உத்திகளில் 'மாட்டெறிந்தொழுகல்' இருக்குது. ஓரிடத்தில் சொன்ன விதியை இன்னோரிடத்துக்கும் கொண்டுபோய்ப் பொருத்துறது. தொல்காப்பியச் செய்யுளியலில் 'மாட்டு' எண்டு ஓர் உறுப்பே உண்டு. ஒரு புள்ளியை ஏற்கெனவே நிலைபெற்ற புள்ளிகளோடு மாட்டுறதுதானே உங்கட சர்வேயும்?

[கோவை, ஓய்வுபெற்ற சர்வேயர்]
ஐயா, இலக்கணம் சரி. ஆனால் தமிழ்நாட்டில் 'சட்டம்' என்றால் கோர்ட்டு. எதை அடிப்படையாக வைத்து அளக்கிறோமோ அதை ஃபீல்டில் எல்லாரும் சொல்வது 'டேட்டம்'. அதையே எழுதுங்கள், பையனுக்குப் புரியும்.

[மதுரை, தமிழாசிரியர்]
புரியும் என்பதற்காக எல்லாவற்றையும் அப்படியே விட்டால் இந்தக் கலைச்சொல் குழு எதற்கு? 'குறிப்பாயம்' நல்ல சொல். சங்கப் பாட்டில் ஆயம் என்பது தலைவியைச் சூழ்ந்த தோழியர் கூட்டம். ஒரு புள்ளியின் இடத்தைச் சொல்லும் எண்களான ஆயத்தொலையிலும் (கோஆர்டினேட்) அதே ஆயம்தான் என்பது என் துணிபு. சுங்கத்துக்கும் ஆயம் என்று பெயர். ஊர் நிலத்தின் மொத்தக் கணக்கு ஆயக்கட்டு. கூட்டம், வரி, நிலம் மூன்றும் ஒரே சொல்வடிவில் கூடுவதைப் பாருங்கள்.

[கோவை]
ஆயக்கட்டு ரெவின்யூ சொல், அம்மா. அதை இதில் கொண்டுவந்தால் குழப்பம்தான் மிஞ்சும்.

[சென்னை, புவித்தகவல் பணி]
வேருக்குப் போகுமுன் பொருளைப் பார்ப்போம். அச்சுகள் எங்கே, எந்தப் பக்கம் நோக்கும் என்ற விதிகள் வேறு. அது சிஸ்டம், 'முறைமை' எனலாம். அந்த விதிகளை மண்ணில் நாட்டிக் காட்டும் நிலையங்களும் அவற்றின் ஆயத்தொலைகளும் சேர்ந்ததே ஃபிரேம். 1802-இல் வில்லியம் லாம்டன் என்ற ஆங்கிலேய நில அளவையாளர் பரங்கிமலை அருகே அடிக்கோடு அளந்தபோது நாட்டத் தொடங்கியது இதைத்தான். இப்போது அந்த வேலையை இந்திய நில அளவைத் துறையின் கோர்ஸ் நிலையங்கள் (இடைவிடாமல் செயற்கைக்கோள் சமிக்ஞை பெறும் நிலையங்கள்) செய்கின்றன. அவையும் ஓரிடத்தில் நிற்பதில்லை. இந்தியத் தட்டு ஆண்டுக்குச் சுமார் 5 செ.மீ. வடகிழக்கே நகர்வதால், ஆயத்தொலையோடு எந்த நாளுக்குரியது என்பதும் எழுதியாக வேண்டும். 'குறிப்பாயம்' என்றால் மாணவர் மனத்தில் வெறும் மூன்று அச்சுக்கோடுகள்தான் வரும். ஒரே நாடு, ஒரே ஃபிரேம் என்பதன் உழைப்பு முழுக்க நிலையங்களில் இருக்கிறது. என் வாக்கு 'புவியளவைச் சட்டகம்'.

[மதுரை]
நிலையங்களின் கூட்டம் என்றால் அது ஆயமேதான்! நான் சொன்னதற்கு நீங்களே சான்று தந்துவிட்டீர்கள்.

[நெல்லை]
நேரமில்லை. சென்னை சொன்ன சட்டகத்தையே எடுத்துக்கொள்கிறேன். தலைப்பில் 'புவியளவைச் சட்டகம்', முதல் வரியில் 'ரெஃபரன்ஸ் ஃபிரேம்', பயிற்சிக் கணக்குகளில் 'டேட்டம்' என்று அனுப்புகிறேன்.

[யாழ்ப்பாணம்]
அனுப்புங்கோ. ஆனால் 'சட்டகம்' எதைச் சார்ந்து அளக்கிறம் எண்டதைச் சொல்லேல்ல. 'மாட்டேற்று' அதைச் சொல்லும். அடுத்த பதிப்புக்கு இதைத் திரும்பவும் எழுதுவன்.