தைஷான் படிகளில் ஓர் இரவு

சீனாவின் ஷான்டோங் மாகாணத்தில் உள்ள தைஷான் மலையை இரவில் ஏறி, உச்சியில் சூரிய உதயம் பார்ப்பது அந்நாட்டு இளைஞர்களிடையே ஏறக்குறைய ஒரு சடங்காகவே ஆகிவிட்டது. அதைக் கேள்விப்பட்டுத்தான் நானும் என் கல்லூரித் தோழனும் ஓர் அக்டோபர் மாதம் அடிவார ஊரான தையானில் போய் இறங்கினோம். பாதி மலை வரை பேருந்து உண்டு, முழங்கால் பிழைக்கும் என்றான் அவன். சிவப்பு வாயில் எனப்படும் ஹோங்மன்னிலிருந்து நடந்து ஏறினால்தான் ஏறியதாகக் கணக்கு என்று நான் பிடிவாதம் பிடித்தேன். கற்படிகள் 6,000-க்கும் மேல் என்று தெரிந்தே பிடித்த பிடிவாதம் அது. மேலே போகப் போகத் தண்ணீர் விலையும் ஏறும் என்று யாரோ சொன்னதை நம்பி (அது உண்மைதான்) அவன் நான்கு லிட்டர் தண்ணீரைச் சுமந்து வந்தான். மற்ற சாமான்களையும் சேர்த்து அவனுடைய முதுகுப்பை பன்னிரண்டு கிலோ இருந்தது.

இரவு பத்து மணிக்கு ஏறத் தொடங்கினோம். சிறிது தூரத்திலேயே, பாதையோரக் கல் ஒன்றில் இரண்டே எழுத்துகள் செதுக்கப்பட்டிருப்பதைக் கண்டு நின்றோம். என் கைப்பேசியின் மொழிபெயர்ப்புச் செயலி அதைப் ‘பூச்சி இரண்டு’ என்று படித்தது. பின்னால் வந்த மாணவி ஒருவர் எங்கள் முகங்களைப் பார்த்துச் சிரித்துவிட்டு, தம் உள்ளங்கையில் விரலால் எழுதி விளக்கினார். காற்றைக் குறிக்கும் பழைய எழுத்தின் வெளிச்சட்டத்தை எடுத்துவிட்டால் பூச்சி என்னும் எழுத்து மிஞ்சும்; நிலவைக் குறிக்கும் எழுத்தின் சட்டத்தை எடுத்துவிட்டால் இரண்டு என்னும் எழுத்து மிஞ்சும். ஆகவே அது பூச்சியும் அல்ல, இரண்டும் அல்ல. எல்லையற்ற காற்றும் நிலவும் என்பதே பொருள். 1899-இல் கல்லில் ஏறிய அந்தச் சிலேடையை அந்த மாணவி சொல்லியிராவிட்டால், நாங்கள் அதை ஏதோ கணக்கெடுப்புக் குறி என்று எண்ணிக் கடந்திருப்போம்.

பாதி மலையில் உள்ள நடுவானவாயிலைத் தாண்டிய பிறகு ஐந்து பைன் மரங்களின் பெயரால் அமைந்த மண்டபம் ஒன்று வருகிறது. கி.மு. 219-இல் வானத்துக்கு வேள்வி செய்ய இம்மலை ஏறிய சீனாவின் முதல் பேரரசர் சின் ஷி ஹுவாங், மழைக்கு ஒதுங்கிய மரத்துக்கு ‘வூதாஃபு’ என்ற பதவியை அளித்தார் என்பது வரலாறு. அது அந்நாளைய பதவி வரிசையில் ஒன்பதாம் படிநிலையின் பெயர். ‘வூ’ என்றால் ஐந்து என்பதால், பிற்காலத்தவர் ஐந்து மரங்கள் என்று எண்ணிக்கொண்டார்கள். இன்று நிற்பவையும் பிற்காலத்தில் நட்டவையே. நள்ளிரவு கடந்த வேளையில், அந்த மரங்களின் அடியில் என் தோழன் முதல் இரண்டு லிட்டர் தண்ணீரைத் தரையில் கொட்டினான். நான் எதுவும் சொல்லவில்லை.

பதினெட்டுத் திருப்பங்கள் எனப்படும் இறுதிப் பகுதிதான் மலையின் உண்மையான சோதனை. ஒரு கிலோமீட்டருக்கும் குறைந்த தூரத்தில் ஏறத்தாழ 400 மீட்டர் உயர வேண்டும். தலைக்கு மேலே வரிசையாக ஆடும் கைவிளக்குகளை நட்சத்திரங்கள் என்று நினைத்து, அவை நகர்வதைக் கண்டபின்தான் அங்கேயும் மனிதர்கள் ஏறிக்கொண்டிருக்கிறார்கள் என்பதை உணர்ந்தேன்.

உச்சியில் வாடகைக்குக் கிடைக்கும் பச்சை இராணுவ மேலங்கிகளைப் போர்த்திக்கொண்டு, வெள்ளரிக்காயையும், மெல்லிய அடையில் சுருட்டிய வெங்காயத்தாளையும் கடித்தபடி விடியலுக்காகக் காத்திருந்தோம். விடிந்தது, ஆனால் மூடுபனியில் சூரியன் எந்தத் திசையில் எழுந்தது என்பதைக்கூட அறிய முடியவில்லை. ஐந்து யுவான் தாளின் பின்புறத்தில் இந்த மலையின் படம்தான் இருக்கிறது. அந்தத் தாளை நீட்டிப் பிடித்து, படத்தையும் மலையையும் ஒன்றாகச் சேர்த்துப் படமெடுக்க வந்திருந்தவர்கள், தாளை மட்டும் படமெடுத்துக்கொண்டு திரும்பினார்கள். எனக்கு ஏமாற்றம்தான், மறைக்கவில்லை. ஆயினும் தாங் வம்சத்துப் பேரரசர் சுவான்சோங் 725-இல் வேள்வி செய்து, மறு ஆண்டு பாறையில் பொறிக்கச் செய்த கல்வெட்டின் முன் நின்றபோது, பாறை முழுவதும் பனியில் மறைந்திருக்க, பொன் பூசிய எழுத்துகள் மட்டும் ஒவ்வொரு வரியாகத் துலங்கி மறைந்த காட்சியை, வெயில் நாளில் வந்திருந்தால் பார்த்திருக்க முடியாது.

இறங்கும்போதுதான் அந்தச் சுமைக்காரரைச் சந்தித்தோம். அறுபது வயது மதிக்கத்தக்கவர். தோளில் காவுதடி, அதன் இரு முனைகளிலும் தண்ணீர்ப் புட்டிப் பெட்டிகள். அவர் நேராக ஏறவில்லை. படியின் இடக்கோடியிலிருந்து வலக்கோடிக்குச் சாய்வாக ஏறி, கோடியில் உடலைத் திருப்பித் தடியை மறுதோளுக்கு மாற்றி, மீண்டும் இடப்பக்கம் சாய்ந்து ஏறினார். அவர் மூச்சு வாங்க நின்ற இடத்தில், எவ்வளவு எடை என்று என் தோழன் செயலியில் கேட்டான். அவர் கட்டைவிரலையும் சுட்டுவிரலையும் விரித்துக் காட்டினார். இரண்டு பெட்டிகள் என்கிறார் போலும் என்று அவன் தலையாட்டினான். அவர் விடவில்லை, அதே விரல்களை இன்னும் ஒருமுறை அழுத்தமாக நீட்டினார். சீனர்கள் ஒற்றைக் கையால் எண்களைக் காட்டும் முறையில் அது எட்டு. எண்பது ஜின் என்று செயலி பிறகு சொன்னது. ஒரு ஜின் அரைக் கிலோ. என் தோழன் தன் முதுகுப்பையின் வார்களைச் சத்தமில்லாமல் இறுக்கிக்கொண்டான். பிறகு அடிவாரம் வரை எடையைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

மறுநாள் தெற்கே கன்பூசியஸின் ஊரான சூஃபுவுக்கு இரயிலில் சென்றோம். அவருடைய கல்லறைக் கல் 1966-இல் உடைக்கப்பட்டுப் பின்னர் ஒட்டவைக்கப்பட்டது. ஒட்டிய கோடுகள் எழுத்துகளின் குறுக்கே இன்றும் தெரிகின்றன. கோயிலின் தாசெங் மண்டபத்து முகப்பில் நாகங்கள் சுற்றிய பத்துக் கல்தூண்களைப் பார்க்கத்தான் போனோம். ஆனால் அந்த மண்டபத்துக்கு ஏறும் சில படிகள் எங்கள் கால்களுக்கு மலையைவிடப் பெரிதாகத் தெரிந்தன. என் தோழன் சற்றே யோசித்துவிட்டு, இடக்கோடியிலிருந்து வலக்கோடிக்குச் சாய்வாக ஏறத் தொடங்கினான். எங்களுக்குப் பின்னால் வந்த மூதாட்டி ஒருவர் அவனைப் பார்த்து, “தைஷானா?” என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் நேராக ஏறிப் போனார்.