மெட்ரிக் முடித்த மகனுக்கு டெக்னீஷியன் படிப்பு: டிவெட் கல்லூரியில் என்4 சேர்க்கலாமா?

கேள்வி: சாட்ஸ்வர்த் அம்மா

அனைவருக்கும் தென்னாப்பிரிக்காவிலிருந்து வணக்கம். என் மகன் மெட்ரிக், அதாவது பள்ளி இறுதியாண்டுத் தேர்வில் கணிதத்திலும் பௌதிக அறிவியலிலும் சுமாரான மதிப்பெண்களுடன் தேறியிருக்கிறான். மின்துறையில் டெக்னீஷியனாக வேண்டும் என்பது அவன் விருப்பம். டர்பன் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் மூன்றாண்டு டிப்ளமாவில் இடம் கிடைக்கவில்லை. வீட்டுக்கு அருகிலுள்ள டிவெட் கல்லூரியில், அதாவது அரசுத் தொழிற்கல்விக் கல்லூரியில், என்4 வகுப்பில் சேர்த்துக்கொள்கிறார்கள். ஓராண்டுக்குள் என்6 வரை முடித்துவிடலாம் என்றும் சொல்கிறார்கள். மூன்றாண்டுப் படிப்பு ஓராண்டில் முடியும் என்றால் அதில் ஏதோ குறை இருக்குமோ என்று எனக்கு ஐயமாக இருக்கிறது. விவரம் அறிந்தவர்கள் சொல்ல வேண்டும்.

பதில்: மெரிபேங்க் பராமரிப்பு மேற்பார்வையாளர்

அம்மா, உங்கள் ஐயம் நியாயமானதே. என்4, என்5, என்6 ஆகிய மூன்றும் பொறியியல் பிரிவில் ஒவ்வொன்றும் ஒரு டிரைமெஸ்டர்தான் (ஆண்டின் மூன்று பருவங்களில் ஒன்று) என்பதால், ஒரு பாடமும் தவறாமல் தேறினால் ஓராண்டில் முடியும் என்பது உண்மை. ஆனால் அப்போது பையன் கையில் இருப்பது என்6 சான்றிதழ் மட்டுமே. தேசிய டிப்ளமா வாங்க வேண்டுமானால் அதன் பிறகு 24 மாதங்கள் துறை சார்ந்த வேலை அனுபவம் பெற்று, அதற்கான பதிவேட்டில் வேலை தந்தவர் கையொப்பமிட்டுத் தர வேண்டும். என்6 முடித்த பிள்ளைகள் பலர் தேங்கி நிற்பது இந்த இடத்தில்தான். பயிற்சிக்கு எடுத்துக்கொள்ள ஒரு தொழிற்சாலை கிடைக்காமல் சான்றிதழோடு வீட்டிலேயே இருந்துவிடுகிறார்கள்.

கல்லூரி மீது எனக்குள்ள மனக்குறை வேறு. எங்களிடம் பயிற்சிக்கு வருகிறவர்களிடம் ஸ்டார்-டெல்டா ஸ்டார்ட்டர் ஒன்றை, அதாவது மோட்டாரை முதலில் ஸ்டார் இணைப்பில் தொடங்கிப் பிறகு டெல்டா இணைப்புக்கு மாற்றும் கருவியை, இணைக்கச் சொல்வது வழக்கம். மோட்டார் புறப்படும்போது மின்கம்பியிலிருந்து இழுக்கும் மின்னோட்டம் டெல்டாவில் நேரடியாகத் தொடங்குவதைவிட மூன்றில் ஒரு பங்காகக் குறையும் என்பதைக் கணக்குப் போட்டே காட்டிவிடுவார்கள். ஆனால் ஸ்டார், டெல்டா ஆகிய இரண்டு கான்டாக்டர்களும் (மின்காந்தச் சுவிட்சுகள்) ஒரே நேரத்தில் மூடிக்கொண்டால் மூன்று ஃபேஸும் ஒன்றோடொன்று மோதி ஷார்ட் ஆகும் என்பதும், அதைத் தடுக்க ஒன்றின் துணைக் கான்டாக்ட்டை மற்றதன் கம்பிச்சுருள் சுற்றில் இன்டர்லாக்காக, அதாவது ஒன்று மூடியிருக்கையில் மற்றது மூடாதபடி, இணைக்க வேண்டும் என்பதும் பலருக்குக் கையில் வருவதில்லை. அந்தப் பழக்கம் பட்டறையில்தான் வரும். ஆகையால் கல்லூரியில் சேர்க்கும் முன்பே, பயிற்சி இடத்துக்குக் கல்லூரி எந்தத் தொழிற்சாலைகளோடு ஒப்பந்தம் வைத்திருக்கிறது என்று கேட்டுப் பாருங்கள். பொதுவாகச் சொல்லி மழுப்பினால் வேறு கல்லூரியையும் விசாரியுங்கள்.

பதில்: டோங்காட் தாத்தா

நான் ஓய்வுபெற்ற எலக்ட்ரீஷியன். டெக்னீஷியன் என்ற பெயர் மீது எல்லோருக்கும் ஓர் ஆசை இருக்கிறது. ஆனால் அப்ரெண்டிஸாகச் (தொழில் பழகுநர்) சேர்ந்து, டிரேட் டெஸ்ட் என்ற தொழில்திறன் தேர்வில் தேறி, பிறகு வயர்மன் லைசன்ஸும் வாங்கியவன் சொந்தக் காலில் நிற்கலாம் என்பதை மறந்துவிடுகிறோம். அந்த லைசன்ஸில் மூன்று நிலைகள் உண்டு. ஒற்றை ஃபேஸ் நிறுவல்களை மட்டும் சோதித்துச் சான்று தருபவர் முதல் நிலை. பொதுவான நிறுவல் எலக்ட்ரீஷியன் அடுத்த நிலை. வெடிப்பு அபாயமுள்ள இடங்களிலும் வேலை செய்ய உரிமை பெற்றவர் மேல் நிலை. வீடு விற்கும்போது மின் நிறுவல் விதிப்படி இருப்பதைக் காட்டும் சிஓசி சான்று கட்டாயம் என்பதால் இந்த வேலைக்கு ஆள் தேவை ஓயப்போவதில்லை.

எங்கள் காலத்தில் இந்தியப் பிள்ளைகளுக்குத் தொழிற்கல்வி என்றால் எம். எல். சுல்தான் கல்லூரியைத்தான் சொல்வோம். ஒப்பந்தக் கூலியாக நட்டாலுக்கு வந்த ஒருவர் தம் பணத்தைக் கொடுத்து நிலைநிறுத்திய கல்லூரி அது. 2002ஆம் ஆண்டு நட்டால் டெக்னிக்கான் என்ற தொழில்நுட்பக் கல்லூரியோடு இணைந்து, அதுவே இன்று உங்கள் மகனுக்கு இடம் கிடைக்காத பல்கலைக்கழகமாகியிருக்கிறது. அடுத்த ஆண்டும் அங்கே விண்ணப்பிக்கச் சொல்லுங்கள்.

கேள்வி கேட்டவர்: சாட்ஸ்வர்த் அம்மா

இருவருக்கும் மிக்க நன்றி. தாத்தா சொன்ன வழியையும் மகனிடம் சொன்னேன். அவன் மனம் கருவியியல், தானியங்கிக் கட்டுப்பாடு ஆகியவற்றின் பக்கம்தான் போகிறது. டிவெட் வழியில் போனால் பிற்காலத்தில் டெக்னீஷியனாகப் பதிவு பெறுவதில் தடை வருமா? கல்விக் கட்டணத்துக்கு உதவி கிடைக்குமா?

பதில்: பீட்டர்மாரிட்ஸ்பர்க் விரிவுரையாளர்

பதிவு செய்வது தென்னாப்பிரிக்கப் பொறியியல் பேரவை, அதாவது எக்ஸா. பொறியாளர், டெக்னாலஜிஸ்ட், டெக்னீஷியன் ஆகியோருக்குத் தனித்தனிப் பிரிவுகள் உள்ளன. டெக்னீஷியன் பிரிவுக்கு நேர்வழி, பேரவை அங்கீகரித்த பல்கலைக்கழக டிப்ளமாவும் அதன்பின் குறைந்தது மூன்றாண்டு அனுபவமும் ஆகும். அந்த டிப்ளமாவுக்கு, டெக்னீஷியன் கல்வியை நாடுகள் ஒன்றுக்கொன்று ஏற்றுக்கொள்ளும் டப்ளின் உடன்படிக்கையின் வழியே வெளிநாட்டிலும் மதிப்பு உண்டு; 2002இல் அதில் முதலில் கையெழுத்திட்ட நாடுகளில் நம் நாடும் ஒன்று. டிவெட் வழியில் வருபவருக்குக் கதவு மூடப்படவில்லை என்றாலும், கல்வித் தகுதியைத் தனியே மதிப்பிடுவார்கள் என்பதால் பாதை நீளும். பதிவு இல்லாமலும் தொழிற்சாலைகளில் டெக்னீஷியனாக வேலை பார்ப்பவர்கள் ஏராளம் என்பதையும் சொல்ல வேண்டும்.

கட்டண உதவிக்கு என்எஸ்ஃபாஸ் என்ற அரசு மாணவர் நிதியுதவித் திட்டம் இருக்கிறது. குடும்ப ஆண்டு வருமானம் 3,50,000 ராண்டுக்கு மேற்படாத நம் நாட்டுக் குடிமக்கள் டிவெட் கல்லூரிக்கும் பல்கலைக்கழகத்துக்கும் விண்ணப்பிக்கலாம்.

கணிதத்தைப் பற்றி ஒரு சொல். ஒரு டிரைமெஸ்டரில் நான்கு பாடங்கள். வகுப்பு நடப்பது ஏறத்தாழ பத்து வாரங்களே. என்4 கணிதத்தில் தடுமாறுபவர் என்5இல் தொகையீடு ஆழமாகும்போது நின்றுவிடுகிறார். சுமாரான மதிப்பெண் என்கிறீர்கள். எனவே வகுப்பு தொடங்கும் முன் பழைய வினாத்தாள்களை வாங்கி இயற்கணிதத்தையும் முக்கோணவியலையும் அவன் முடித்துவிடட்டும். என்4 தொடங்கிய பிறகும் பல்கலைக்கழக விண்ணப்பத்தைக் கைவிட வேண்டாம்; அடுத்த ஆண்டு இடம் கிடைத்தால், என்4 முதலிய நிலைகளில் தேறிய பாடங்களுக்கு விலக்கு உண்டா என்று அந்தத் துறை அலுவலகத்தில் எழுத்து மூலம் கேட்டு வாங்குங்கள்.